தராசும் பேரேடும்
யந்திர அளவைகளைச் சங்கக் கணக்குடன் இணைத்தல் பற்றிய ஒரு பாடம்

சங்கத்திற்கு வரும் பொருளை அளப்பது ஒரு வேலை. அளந்ததைக் கணக்கில் ஏற்றுவது மற்றொரு வேலை. நெடுங்காலமாக இவ்விரண்டிற்கும் இடையே ஒரு மனிதர் நின்று வந்தார். ஒருவர் தராசு முள்ளைப் பார்த்துக் குரல் கொடுப்பார். மற்றொருவர் சிட்டையில் எழுதுவார். மாலையில் காரியதரிசி அதைப் பேரேட்டிற்குப் பெயர்ப்பார். இன்று அவ்விடத்தில் ஒரு கம்பி ஓடுகிறது. சில இடங்களில் கம்பியும் இல்லாமல் காற்று வழியாகவே தராசிலிருந்து கணினிக்கு எண் போய்ச் சேருகிறது. மனிதர் விலகியதால் எழுத்துப் பிழையும் கைப்பிசகும் குறைந்தன என்பது உண்மை. ஆனால் அந்த மனிதர், ஒருவரும் சொல்லாமலே, வேறு பல காரியங்களையும் செய்து வந்தார். முள் ஆடி நின்ற பிறகே எண்ணைச் சொன்னார். பாத்திரத்தின் எடையை மனத்தில் கழித்துக்கொண்டார். கொண்டு வந்தவர் இன்னார் என்று முகம் பார்த்து அறிந்தார். அவர் அறிந்திருந்தவற்றை எல்லாம் யந்திரத்திற்கு நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா என்பதே இந்தப் பாடத்தின் கேள்வி. நெசவாளராயினும் வேளாளராயினும் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் இதில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது.

அளவையைக் கணக்காக மாற்றுவது நம் கடற்கரைக்குப் புதிய வித்தை அன்று. தூத்துக்குடிப் பாரில் 1961 வரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த முத்துக்களைத் துளைகளின் அளவு வேறுபட்ட சல்லடைத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். பிறகு மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். விலையோ நேரே எடையிலிருந்து வந்துவிடாது. எடையின் வர்க்கத்தை முத்துக்களின் எண்ணிக்கையால் வகுக்கும் ஒரு முறையை வணிகர் கையாண்டனர். ஒரே எடையுள்ள இரு குவியல்களில், எண்ணிக்கை குறைந்து முத்து பெருத்த குவியலே அதிக விலை பெறும் என்பதை அக்கணக்குத் தானாகவே காட்டிவிடும். சல்லடையும் தராசும் அளவை காட்டின. வாய்பாடு அந்த அளவையை விலையாக்கிற்று. வாய்பாடு அறிந்தவன் கையில் வியாபாரம் இருந்தது. இன்றைக்கும் நிலைமை அதுவே. வாய்பாடு கணினிக்குள் போய் மறைந்திருப்பதுதான் வேறுபாடு.

கூட்டுறவுத் துறையில் இவ்விணைப்பு முழுமையாக வேரூன்றியது பாற்சங்கங்களில்தான். குஜராத் மாநிலத்தின் கிராமச் சங்கங்களில் 1990-களிலேயே மின்தராசையும் கொழுப்பு காட்டும் கருவியையும் கணினியோடு இணைத்து, பாலை ஊற்றிய சில நிமிஷங்களுக்குள் சீட்டு கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. அதற்கு முன் கொழுப்பைக் காண ஜெர்பர் முறையைப் பெரிதும் கையாண்டனர்: கண்ணாடிக் குழாயில் கந்தக அமிலமும் பாலும் அமைல் ஆல்கஹாலும் ஊற்றி, சுழல் யந்திரத்தில் சுற்றி, கொழுப்பு பிரிந்து நிற்கும் கோட்டைக் கண்ணால் படிக்க வேண்டும். இன்று பெரும்பாலான பகுப்புக் கருவிகள் பாலினூடே மீயொலி அலையைச் செலுத்தி, அது செல்லும் வேகத்தையும் தேய்வையும் கொண்டு கொழுப்பையும், கொழுப்பற்ற திடப்பொருளாகிய எஸ்.என்.எப்.-ஐயும் மதிப்பிடுகின்றன. எடை தராசிலிருந்து வருகிறது; தரம் பகுப்புக் கருவியிலிருந்து வருகிறது; விலைப் பட்டியல் ஒன்றியத்திலிருந்து வருகிறது; தொகை அங்கத்தினரின் வங்கிக் கணக்கிற்குப் போகிறது. ஆக நான்கு இடங்களில் நான்கு பேர் செய்த நான்கு சாதனங்கள் ஒரே மொழியில் பேசியாக வேண்டும்.

அவை எவ்வாறு பேசுகின்றன என்று சற்று நிதானமாகப் பார்ப்போம். மின்தராசு ஒரு முறை நிறுத்து ஒரு முறை சொல்லுவதில்லை. வினாடிக்குப் பல தடவை ஒரு வரி எழுத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த வரியில் எடையும் அலகும் இருக்கும். பல தராசுகளில், எடை நிலைபெற்றதா ஆடிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு ஒரு குறியும், பாத்திரம் கழித்த எடையா கழிக்காத எடையா என்பதற்கு மற்றொரு குறியும் சேர்ந்து வரும். கணக்கு நிரலுக்கோ இவ்வளவும் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது ஒரே ஒரு பதிவு: இன்ன தேதி, இன்ன வேளை, இன்ன அங்கத்தினர், இவ்வளவு. ஆகவே இரண்டிற்கும் நடுவே ஓர் இடைநிலை நிரல் அமர்ந்து, ஓயாமல் வரும் வரிகளிலிருந்து நிலைபெற்ற எடை ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அங்கத்தினர் எண்ணோடு கட்டிக் கொடுக்கிறது. முன்பு சிட்டை எழுதியவர் அமர்ந்திருந்த இடம் இதுதான். இந்த இடைநிலை நிரலை எழுதியவர் நிலைக்குறியைப் பாராமல் முதலில் வந்த எண்ணையே எடுத்துக்கொண்டால், பால் முழுதும் ஊற்றி முடியுமுன் எடை பதிவாகிவிடும். குறையும் எடை யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அலகைப் பற்றிய குழப்பம் இதனினும் பெரியது. தராசு கிலோவைக் காட்டுகிறது. விலையோ பல இடங்களில் லிட்டருக்குப் பேசப்படுகிறது. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ நிற்கும். 100 லிட்டர் பாலைத் தராசில் வைத்தால் 103 என்று காட்டும். அதை அப்படியே லிட்டர் என்று கணக்கில் ஏற்றினால் சங்கம் 3 லிட்டருக்கு வீணாகப் பணம் கொடுக்கிறது. நாளொன்றுக்கு 500 லிட்டர் சேரும் சங்கம், லிட்டர் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தினம் 600 ரூபாயும் மாதம் 18,000 ரூபாயும் இழக்கும். ஒன்றியம் தன் அளவுப்படியே பணம் தருமாதலால் அந்த நஷ்டம் சங்கத்தின் தலையிலேயே விடியும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நாம் பார்க்கப் போயிருந்த ஒரு சங்கத்தில் புதிய நிரல் வைத்த மாதத்திலிருந்து எல்லோருடைய பாலும் கொஞ்சம் குறைந்து பதிவாகி வந்தது. கறவை மாடு இரண்டு வைத்திருந்த ஓர் அம்மாள் காரியதரிசியிடம், “அண்ணாச்சி, மாடும் அதே மாடு, தூக்குவாளியும் அதே தூக்குவாளி. பத்து லிட்டர் ஊத்துறேன், மிஷினு ஒம்பது எழுபதுங்குது. மீதி எங்க போச்சு?” என்று கேட்டார். காரியதரிசி நல்லவர், ஆனால், “கம்ப்யூட்டர் சொல்லுதும்மா, நான் என்ன செய்ய?” என்பதற்குமேல் அவரிடம் விடை இல்லை. பிறகு அளவுப் படியைக் கொண்டு அளந்து பார்த்தபோது விஷயம் விளங்கிற்று. தராசே கிலோவை லிட்டராக மாற்றி அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதை அறியாத நிரல் மீண்டும் ஒரு முறை 1.03-ஆல் வகுத்துக்கொண்டிருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 300 மில்லி. அந்த அம்மாளுக்கு மாதம் ஏறத்தாழ 350 ரூபாய். அந்தச் சங்கத்தில் யாரும் திருடவில்லை. இரு யந்திரங்களும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தன. அவற்றிற்கு இடையே இருந்த ஒப்பந்தத்தை மட்டும் ஒருவரும் காகிதத்தில் எழுதி வைத்திருக்கவில்லை.

தரத்தைக் கணக்கிடுவதிலும் இத்தகைய மறைவிடம் ஒன்று இருக்கிறது. லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கும் சங்கங்களில், திருத்திய லாக்டோமீட்டர் அளவை நான்கால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதனோடு ஒரு மாறா எண்ணையும் சேர்த்து எஸ்.என்.எப். காண்பார்கள். அந்த மாறா எண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, 0.29 என்று வைப்பவரும் உண்டு, 0.36 என்று வைப்பவரும் உண்டு. லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 4.2 என்று கொள்வோம். 28-ஐ நான்கால் வகுக்க 7, 4.2-இல் ஐந்தில் ஒரு பங்கு 0.84. முதல் முறையில் 8.13, இரண்டாவது முறையில் 8.20. விலைப் பட்டியலில் 8.2-க்குக் கீழே வந்தால் பிடித்தம் என்றிருந்தால், ஒரே பால், ஒரே கருவி, ஒரே நாள். ஒரு நிரல் முழு விலை தரும், மற்றொன்று பிடித்தம் செய்யும். வெளியூரில் எழுதப்பட்ட நிரலை வாங்கும்போது அதனுள் எந்த எண் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை. தசம எண்ணை எவ்வாறு சுருக்குகிறது என்பதையும் கூடவே கேட்க வேண்டும். 4.28 என்பதை 4.3 ஆக்குவதும், 8-ஐ வெட்டிவிட்டு 4.2 ஆக்குவதும் ஒன்றாகா. இரண்டாவது வழி எப்போதும் ஒரே பக்கம் சாயும்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரமும் வலைத்தொடர்பும் போவது அபூர்வமன்று. நல்ல அமைப்பு, தொடர்பு இல்லாதபோதும் பதிவுகளைத் தன்னிடமே சேர்த்து வைத்து, தொடர்பு வந்ததும் வரிசையாக அனுப்பும். ஆனால் அனுப்பிய பதிவு போய்ச் சேர்ந்ததா என்ற பதில் வருமுன் மறுபடியும் தொடர்பு அறுந்தால், அது அதையே இரண்டாம் முறை அனுப்பக்கூடும். ஒவ்வொரு பதிவிற்கும் ஒரு தொடர் எண் இருந்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் பேரேடு ஏற்க மறுக்குமாயின் இரட்டைப் பதிவு நேராது. ரசீதுப் புத்தகத்தில் எண் அச்சிட்டு வைத்த நம் முன்னோர் இதே காரணத்திற்காகத்தான் அப்படிச் செய்தார்கள்.

பாற்சங்கத்தை விட்டு ரேஷன் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் இக்கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. விற்பனைக் கருவியோடு மின்தராசையும் இணைப்பதற்கு மாநிலங்களை ஊக்குவிக்கும் வகையில் மத்திய அரசு 2021 ஜூன் மாதத்தில் உணவுப் பாதுகாப்பு உதவி விதிகளைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் பின்னர் தராசைக் கம்பியில்லா முறையில் கருவியோடு இணைக்கும் ஏற்பாடு வந்தது. அரிசி தராசில் உரிய எடைக்கு வந்தாலன்றிக் கருவி ரசீது தராது. எடை குறைத்துப் போடுகிறார்கள் என்ற பழைய புகாருக்கு இது நேரடியான மருந்து. அட்டைதாரருக்கு இதனால் நன்மை என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் கடை ஊழியர்கள் தரப்பில் எழுந்த குறையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைந்து வந்தால், கடையில் மட்டும் ஒவ்வொரு கிராமையும் யந்திரம் கண்காணிக்கும்போது அந்தக் குறை யார் தலையில் விழும்? மூட்டையில் அரை கிலோ குறைந்தாலும் நூறு மூட்டைக்கு 50 கிலோ. முன்பு அக்குறை அட்டைதாரர் பலர் மீதும் சிறிது சிறிதாகப் பரவிக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று, அது நியாயமன்று. இப்போது விற்பனையாளர் ஒருவர் மீது மொத்தமாக விழுகிறது, இதுவும் நியாயமன்று. சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் யந்திரத்தோடு பிணைத்தால், பிணைக்காத கண்ணிகளின் தவறெல்லாம் பிணைத்த இடத்தில் வந்து தேங்கும். கிடங்கிலும் எடையிட்டு, அந்த எடையே கடையின் இருப்பில் ஏற வேண்டும் என்பதே இதற்குப் பரிகாரம்.

நெசவாளர் சங்கங்களுக்கு உரிய செய்தி ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் இதை எந்த நிரல் விற்பவரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உண்ணும். உலர்ந்த நூலின் எடையில் நூற்றுக்கு 8.5 பங்கு ஈரம் இருப்பதை வியாபாரத்தில் சரியான அளவாகக் கொள்கிறார்கள். முற்றும் உலர்ந்த நிலையில் 100 கிலோவாக இருக்கும் நூல், அந்த அளவு ஈரத்தில் 108.5 கிலோ நிற்கும். ஐப்பசி மழையில் அதற்குமேலும் ஏறும். ஆனி, ஆடியில் வறண்ட மேல்காற்று வீசும்போது ஈரம் 6 பங்காக இறங்கினால் அதே நூல் 106 கிலோதான் நிற்கும். 4.54 கிலோ கொண்ட ஒரு கட்டுக்குச் சுமார் 105 கிராம் வித்தியாசம். ஒரு கழி நூலும் யாரும் எடுக்கவில்லை, காற்று எடுத்துக்கொண்டது.

பழைய கணக்குப்பிள்ளை இதை அறிவார். கட்டை அவிழ்த்துக் கழிகளை எண்ணிப் பார்ப்பார். நூலைக் கையால் அழுத்தி, “ஈரம் உலர்ந்திருக்கிறது” என்று சொல்லி விட்டுவிடுவார். தராசைக் கணினியின் இருப்புக் கணக்கோடு நேரே இணைத்துவிட்டால் அந்தக் கை அங்கே இல்லை. பட்டுவாடா எடைக்கும் துணியாகத் திரும்பிய எடைக்கும் உள்ள வித்தியாசத்தை நிரல் “நூல் பாக்கி” என்று நெசவாளர் பெயரில் எழுதும். கூலியிலும் பிடித்தம் செய்யும். பாவுக்கு ஏற்றிய கஞ்சி துணியின் எடையைக் கூட்டுவதும், தறிக்கழிவு குறைப்பதும் இதனோடு சேர்ந்தால் சிக்கல் இன்னும் முறுகும். ஒருவருக்கு இல்லாத பாக்கி, மற்றொருவருக்கு இல்லாத மிச்சம். ஆகவே நெசவாளர் சங்கம் தராசை இணைக்கும்போது அதனோடு கிடங்கின் ஈரப்பதத்தைக் காட்டும் கருவி ஒன்றையும் இணைத்து, பட்டுவாடா நாளின் ஈரத்தையும் வரவு நாளின் ஈரத்தையும் எடைக்குப் பக்கத்திலேயே பதிய வேண்டும். காற்றின் ஈரம் நூலின் ஈரம் ஆகிவிடாது. எனினும் எந்த வித்தியாசத்தைச் சந்தேகிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று நிர்வாக சபை தீர்மானிக்க அது போதிய சான்றாகும். கழி எண்ணிக்கையையும் கைவிடலாகாது. காற்றால் கழியின் எண்ணிக்கை மாறாது.

வாழையும் நெல்லும் பயிரிடும் அங்கத்தினர்கள், “எங்களுக்கு இதில் என்ன?” என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பெய்ததாகப் பதிவாயிற்று. மூன்றும் ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்கள் அல்ல. ஆனாலும் காயல்பட்டினத்திற்கும் ஸ்ரீவைகுண்டத்திற்கும் இடையே 33 சென்டிமீட்டர் வேற்றுமை. அந்த வேற்றுமையே பல ஊர்களில் ஒரு பருவத்தின் மழை ஆகும். வானிலை அளவை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டில், குறிப்பிட்ட மழைமானி காட்டும் எண்ணே இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது. வயலை யாரும் வந்து பார்ப்பதில்லை. மானியின் எண் காப்பீட்டுக் கணக்கிற்குள் புகுந்து தொகையாக வெளிவருகிறது. எந்த மானி நம் வயலுக்குரியதாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விதைப்புக்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும். ஒன்றியந்தோறும் தானியங்கி வானிலை நிலையமும் ஊராட்சிதோறும் தானியங்கி மழைமானியும் என்ற நோக்கோடு மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது இக்குறையை உணர்ந்தே. இன்னொன்றும் உண்டு: சிறு வாளி நிரம்பிக் கவிழ்வதை எண்ணி மழையைக் கணக்கிடும் தானியங்கி மானிகள், அடைமழையில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் இயல்புடையவை, வாளி கவிழும் கணத்தில் விழும் நீர் எண்ணில் சேருவதில்லை. பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானியையும் வைத்து அன்றாடம் ஒப்பிட்டுப் பார்ப்பது சங்கத்திற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இப்போது நம் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களும் கணினிக்கு மாறி வருகின்றன. நாடு முழுவதும் 63,000 சங்கங்களை ஒரே பொதுக் கணக்கு நிரலில் கொண்டுவர 2,516 கோடி ரூபாய் செலவில் 2022 ஜூனில் மத்திய அரசு அனுமதி அளித்தது. நபார்டு வங்கி இதை நடத்துகிறது. கணக்கு நிரல் ஓரிடத்தில், உர விற்பனைக் கருவி ஓரிடத்தில், ரேஷன் கருவி ஓரிடத்தில் என்று தனித்தனியாக நின்றால் எழுத்தர் ஒரே மூட்டையை இரண்டு முறை பதிய வேண்டிவரும். இரண்டு இருப்பும் ஒத்துப்போகாது. தணிக்கைக்கு வருபவர் எதை நம்புவார்? ஆகவே இணைப்பு தேவைதான். தேவையான அந்த இணைப்பை எந்த நிபந்தனையோடு ஏற்பது என்பதைப் பேரவை பேசித் தீர்மானிக்க வேண்டும்.

நம் கருத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. அங்கத்தினர் கையில் தரும் சீட்டில் தொகை மட்டும் போதாது. தராசு காட்டிய எடை, கருவி காட்டிய தரம், மாற்றிய பின் வந்த அளவு ஆகிய மூன்றும் தமிழில் அச்சாக வேண்டும். அப்போதுதான் அந்த அம்மாளைப் போன்றவர் மூன்று மாதம் காத்திராமல் மூன்றாம் நாளே கேள்வி கேட்க முடியும். பதிவைத் திருத்த நேர்ந்தால் பழைய எண் அழியாமல், திருத்தியவர் பெயரும் காரணமும் கூடவே நிற்க வேண்டும். சிவப்பு மையில் கோடிட்டு மேலே எழுதிக் கையொப்பம் வைத்த வழக்கத்தைக் கணினியிலும் விடலாகாது. மின்தராசிற்கு எடையளவுச் சட்டப்படி ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை அவசியம். தராசு சட்டத்திற்கு உட்பட்டது என்பதால் அதிலிருந்து புறப்படும் எண்ணும் சரியானது என்று கொள்ளக் கூடாது. ஆகையால் முத்திரையிட்ட படிக்கல் ஒன்றை வாரம் ஒரு முறை தராசில் வைத்து, தராசு காட்டும் எண்ணும் பேரேட்டில் ஏறும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நிர்வாகசபை அங்கத்தினர் ஒருவர் முன்னிலையில் பார்க்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

கடைசியாக, அளவைகள் யாருக்குச் சொந்தம் என்ற விஷயம். கருவி விற்பவர் அவற்றைத் தம் நிரலுக்குள் பூட்டி வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு வேறொருவரிடம் கருவி வாங்க நினைக்கும்போது சங்கம் தன் பழைய கணக்கையே இழக்கும். அல்லது அதைத் தன்னிடமே விலைகொடுத்து வாங்கும். பதிவுகள் யாவும் எந்தக் கணினியிலும் திறக்கத்தக்க எளிய அட்டவணையாக மாதந்தோறும் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

நூலின் ஈரத்தைச் சங்கத்திலேயே அடுப்பும் தராசும் கொண்டு கண்டறியும் எளிய முறையை அடுத்த பாடத்தில் எடுத்துக்கொள்வோம். அதற்குள் நெசவாளர் சங்கத்தார் தம் கிடங்கிலிருந்து ஒரு கட்டு நூலை எடுத்து, ஒரு வாரம் காலையும் மாலையும் நிறுத்து எழுதி வைத்திருந்தால் பாடம் எளிதாக விளங்கும்.